குழி தோண்டும் முன் கம்பியைக் குத்திப் பாருங்கள்

ஜவ்வாது, கல்வராயன் மாதிரி மலைகளின் மேய்ச்சல் சரிவில் மரக்கன்று நடப் போகிறீர்களா? குழி எடுக்க ஆள் வைக்கும் முன், நல்ல மழை பெய்த மறுநாள், அரை அங்குல இரும்புக் கம்பியைப் பத்தடிக்கு ஓரிடத்தில் குத்திப் பாருங்கள். ஈர மண்ணில் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கும். பாறையைத் தொட்டதும் 'ணங்' என்று நின்று கை அதிரும். 20 செ.மீ.க்குள் நின்றுவிட்டால் அந்த இடத்தைப் புல்லுக்கே விட்டுவிடுங்கள். அவ்வளவு ஆழ மணற்பாங்கான மண்ணில் செடிக்குக் கிடைக்கும் நீர் ஏறத்தாழ 20 மி.மீ. மழையளவுதான். எவ்வளவு மழை கொட்டினாலும் மிச்சம் சரிவில் ஓடிவிடும், கன்று கோடையில் கருகிவிடும், பாவம்.

மண்ணுக்குள் உருண்டைக் கல் நிறைந்த இடத்தில் கம்பி ஏமாற்றும். ஓரடி தள்ளித் தள்ளி மூன்று நான்கு முறை குத்துங்கள். அப்புறம், பாறை வெடித்துக் கிடந்தால் இந்தக் கணக்கு செல்லாது. வேர் இடுக்கில் இறங்கிப் பிழைத்துக்கொள்ளும்.