தரவிறக்கிய கோப்பு திறக்கவில்லையா?

கர்ல் (curl) என்ற கட்டளைவரிக் கருவியால் கோப்புகளைத் தரவிறக்கும் நிரல்களில், வழிமாற்றை, அதாவது சேவையகம் வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவதை, பின்தொடரச் சொல்லும் 'லொகேஷன்' விருப்பத்தை (--location, சுருக்கமாகப் பெரிய எழுத்தில் -L) தவறாமல் சேருங்கள். சேவையகம் 301 அல்லது 302 குறியீட்டுடன் புதிய முகவரியைத் தரும்போது கர்ல் தானாக அங்கே செல்வதில்லை என்பதால், சிறிய அறிவிப்புப் பக்கமே ஸிப் கோப்பின் பெயரில் சேமிக்கப்பட்டு, நிரலும் பிழை ஏதும் காட்டாமல் முடிந்துவிடும். ஐயம் எழுந்தால் அக்கோப்பை உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் முதல் வரிகளிலேயே இணையப் பக்கத்துக்குரிய எச்டிஎம்எல் குறிச்சொற்கள் தென்படும். விகெட் (wget) என்ற மற்றொரு தரவிறக்கக் கருவி இயல்பாகவே வழிமாற்றைப் பின்தொடர்வதால் அதற்கு இது தேவையில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் மூலம் வழிமாற்றும் பக்கங்களில் இந்த விருப்பம் பயன்படாது. உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் தளங்களிலோ அந்தப் பக்கமே வெற்றியைக் குறிக்கும் 200 குறியீட்டுடன் இறங்கிவிடக்கூடும் என்பதால், மறுமொழியின் உள்ளடக்க வகையையும் நிரலிலேயே சரிபார்ப்பது மிக அவசியம்.