ஸ்பின்னிங் றீலில் பெரிய மீனை இழுத்துக் கரையேற்றுவது எப்படி

நந்திக்கடலில் கொடுவா, நாயாற்று முகத்துவாரத்தில் பாரை, இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களில் விரால் என்று ஸ்பின்னிங் றீலால் பிடிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கான குறிப்பு இது. லூர் (செயற்கை இரை) எறியவும் முடிச்சுப் போடவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று நாலு கிலோவுக்கு மேற்பட்ட மீன் கொளுவிய பிறகு கையும் றீலும் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலே சொல்லிவிடுகிறேன்: டிராக் (மீன் பலமாக இழுக்கும்போது நூலை வழுக்கவிடும் றீலின் பிடி) ஓடிக்கொண்டிருக்கும்போது கைபிடியைச் சுற்றக் கூடாது. இந்த ஒரு பழக்கம் கைக்கு வந்துவிட்டால் பாதி மீன்கள் தப்பாது.

சாமான்

ஏழு அல்லது ஏழரை அடித் தடி, 4000 அளவு றீல், 20 இறாத்தல் பிரெய்ட் (பின்னல்) நூல், அதன் முனையில் ஒரு மீற்றர் நீளத்துக்கு 40 இறாத்தல் தங்கூசி லீடர் (நூலுக்கும் லூருக்கும் இடையிலான துண்டு). வன்னியின் களப்புகளுக்கும் குளங்களுக்கும் இது போதும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல் கூரானது. லீடர் இல்லாமல் பிரெய்ட்டை நேரே லூரில் கட்டினால் மீன் ஒருமுறை தலையைத் திருப்பும்போதே அறுந்துவிடும். சீலா திரியும் இடமென்றால் தங்கூசியும் தாங்காது, ஒரு சாண் கம்பி லீடர் போடுங்கள்.

றீலில் முன்பக்க டிராக் உள்ளதையே வாங்குங்கள். பின்பக்கத் திருகு உள்ளவை கைக்கு வசதி போலத் தெரிந்தாலும், அவற்றின் வாசர்கள் (டிராக்கின் உராய்வுத் தட்டுகள்) சிறியவை, பெரிய மீனின் ஓட்டத்தில் சூடேறித் திக்கித் திக்கி விடும். கார்பன் வாசர் போட்ட றீலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காசு கொடுப்பது வீண் போகாது. பென், ஷிமானோ, டைவா மூன்றிலும் நடுத்தர விலையில் நல்லவை உண்டு. பேரிங் எத்தனை என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். கடையிலேயே நூலைக் கோத்து, டிராக்கைப் பாதி இறுக்கி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஸ்பூல் (நூல் சுற்றியிருக்கும் உருளை) ஒரே சீராகச் சுழன்றால் வாங்கலாம். இழுக்க இழுக்க நின்று, திடீரென்று விட்டு, மறுபடி நின்றால் வேண்டாம்.

லூரோடு வருகிற மூன்று முள் கொளுக்கிகள் பல நேரம் மெல்லிய கம்பி. கொடுவா அவற்றை நிமிர்த்திவிடும். தடித்த கம்பிக் கொளுக்கியாக மாற்றுங்கள்.

டிராக்கைத் தராசில் நிறுத்து வையுங்கள்

விரலால் இழுத்துப் பார்த்து "இது காணும்" என்று வைப்பது பிழையான பழக்கம். பள்ளிக்கூடத்தில் பாவிக்கும் விற்றராசு போதும், பயணப் பை நிறுக்கிற சின்ன இலத்திரனியல் தராசும் போதும். நூலை எல்லா வளையங்களுக்குள்ளும் கோத்து, முனையைத் தராசில் கட்டுங்கள். ஒருவர் தராசைத் தரையோடு பிடிக்கட்டும், நீங்கள் தடியை 45 பாகை சரிவில் உயர்த்துங்கள். ஸ்பூல் ஓடத் தொடங்கும் கணத்தில் தராசு காட்டுவதுதான் உங்கள் டிராக்.

அது எவ்வளவு இருக்க வேண்டும்? நூலின் தாங்குபலத்தில் கால் பங்கு. 20 இறாத்தல் என்பது ஏறக்குறைய 9 கிலோ, ஆகவே 2 கிலோவிலிருந்து 2¼ கிலோ வரை. முடிச்சு நூலைவிடப் பலவீனமாக இருந்தால் முடிச்சின் பலத்தில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அதையும் அதே தராசில் இழுத்து அறியலாம். பிரெய்ட்டையும் லீடரையும் சேர்க்க எஃப்ஜி முடிச்சைப் பழகுங்கள். மெல்லியதாக இருப்பதால் வளையங்களில் தட்டாது.

மீன் தூரம் ஓடும்போது டிராக் தானாகவே இறுகும் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்பூலில் நூல் குறையக் குறைய அதன் விட்டமும் குறைகிறது. வாசரின் பிடி மாறாது, ஆனால் நூல் இழுக்கும் இடம் நடுவுக்குக் கிட்ட வந்துவிடுவதால் கூடுதல் பலம் தேவைப்படும். நிறைந்த ஸ்பூலில் 50 மில்லிமீற்றராக இருந்த விட்டம் 35 ஆகக் குறைந்தால், 2 கிலோவில் வைத்த டிராக் 2.8 கிலோவைத் தாண்டிவிடும். தண்ணீருக்குள் வளைந்து கிடக்கும் நூலின் இழுவை அதற்கு மேலதிகம். ஆகவே நீண்ட ஓட்டத்தின்போது பயத்தில் திருகை இறுக்காதீர்கள். செய்ய வேண்டியது நேர்மாறு: ஸ்பூலில் பாதி போய்விட்டால் திருகைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள், நூல் திரும்ப ஏறியபின் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கைபிடியும் முறுக்கும்

ஸ்பின்னிங் றீலில் ஸ்பூல் நிற்கிறது, ரோட்டர்தான் அதைச் சுற்றி ஓடி நூலைச் சுற்றுகிறது. மீன் இழுத்து டிராக் வழுக்கும் நேரத்தில் நீங்கள் கைபிடியைச் சுற்றினால் ஒரு அங்குல நூல்கூட உள்ளே வராது. ரோட்டரின் ஒவ்வொரு சுற்றும் நூலில் ஒரு முறுக்காக மட்டும் ஏறும். 5.2:1 என்று எழுதியிருக்கும் றீலில் கைபிடியின் ஒரு சுற்று நூலில் ஐந்து முறுக்கு. இருபது தரம் சுற்றினால் நூற்றுக்கு மேல். அந்த மீன் எப்படியோ வந்தாலும், அடுத்த எறியில் நூல் தளர்ந்தவுடன் முறுக்கெல்லாம் சேர்ந்து வளையத்துக்குள் பந்தாகிவிடும். சுவிவல் (நூலின் முனையில் கட்டும் சுழலும் இணைப்பு) போட்டிருக்கிறேன் என்று ஆறுதல் கொள்ள முடியாது. மீனின் இழுவையில் சின்னச் சுவிவல்கள் நன்றாகச் சுழல்வதில்லை.

டிராக்கின் கிர் சத்தம் கேட்டால் கை அசையாமல் இருக்கட்டும். சத்தம் நின்றால் மட்டும் சுற்றுங்கள். அதைக் காதால் பழகலாம். ஒரு நண்பர் நூலின் முனையைப் பிடித்துக் குளக்கட்டில் ஓடட்டும், நிற்கட்டும், திரும்பி வரட்டும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்துக்கு மட்டும் கையை அசையுங்கள். அரை மணித்தியாலத்தில் கை பழகிவிடும்.

முறுக்கு ஏறிவிட்டால் லூரையும் சுவிவலையும் கழற்றி, வெறும் நூலை ஓடும் தண்ணீரில் விடுங்கள். துருசு (குளத்து மதகு) திறந்திருக்கும் நேரத்து வாய்க்கால் இதற்கு நல்ல இடம். ஐம்பது, அறுபது மீற்றர் விட்டு இரண்டு நிமிடம் வைத்திருந்தால் தானாக அவிழும். பிறகு ஈரத் துணிக்குள்ளால் இறுக்கிப் பிடித்துச் சுற்றுங்கள்.

உயர்த்துதல், இறக்குதல்

மீனை இழுப்பது தடி, றீல் அல்ல. தடியை மெதுவாக உயர்த்தி மீனைக் கிட்டக் கொண்டுவந்து, பிறகு தடியை இறக்கிக்கொண்டே அந்த இடைவெளியைச் சுற்றி எடுங்கள். இறக்கும் வேகத்தைவிடச் சுற்றும் வேகம் குறைந்தால் நூல் தளரும், கொளுக்கி கழரும். பெரிய வீச்சு வேண்டாம். ஒரு அடி, ஒன்றரை அடிக் குறுகிய வீச்சுகளே மீனுக்குத் தலையைத் திருப்ப நேரம் கொடுக்காது.

தடியை நெற்றிக்கு மேலே நிமிர்த்திப் பிடிக்காதீர்கள். அப்போது வளைவு முழுதும் மெல்லிய நுனிக்குப் போகிறது. தடிகள் முறிவது பெரும்பாலும் மீன் காலடிக்கு வந்த பிறகு இப்படித்தான். தாழ்வாகப் பிடித்தால் அடித்தண்டு வேலை செய்யும்.

மீன் வலப்பக்கம் ஓடினால் தடியை இடப்பக்கம் சாய்த்து, தண்ணீரோடு கிடையாக இழுங்கள். தலை திரும்பினால் உடம்பும் திரும்பும். மீன் பக்கம் மாறினால் நீங்களும் மாறுங்கள். கொடுவா மேலெழும்பும்போது நூல் மேல்நோக்கிப் போவது தெரியும். உடனே நுனியைத் தண்ணீருக்குக் கிட்ட, முடிந்தால் தண்ணீருக்குள்ளேயே தாழ்த்தி, இழுவையை விடாமல் வைத்திருங்கள். துள்ளித் தலையை உதறுகிற நேரத்தில் நூல் தளர்ந்தால் லூர் பறந்து வரும்.

கூடுதல் பிடி வேண்டுமென்றால் ஸ்பூலின் விளிம்பை உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். ஓடும் பிரெய்ட்டை விரலால் தொடவே கூடாது, எலும்பு வரை வெட்டும். கையில் சுற்றிப் பிடிப்பது அதைவிட ஆபத்து.

கட்டை, கல், வான்

நம்முடைய குளங்களில் தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள்தான் பெரிய சோதனை. கடித்த முதல் சில வினாடிகளில் மீன் கட்டையை நோக்கித்தான் போகும். அப்போது மட்டும் ஸ்பூல் விளிம்பை அழுத்தி, பக்கவாட்டில் இழுத்துத் திருப்பப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் பலம் காட்டாதீர்கள். பெயில் கம்பியை (நூலை ஸ்பூலில் சுற்றும் வளைந்த கம்பி) திறந்து நூலை முற்றாகத் தளர விட்டுக் காத்திருங்கள். இழுவை இல்லையென்று உணர்ந்தால் சில மீன்கள் போன வழியாலேயே வெளியே வரும். நூல் நகரத் தொடங்கினால் பெயிலை மூடி, தளர்வை எடுத்துவிட்டு இழுங்கள்.

மாரியில் குளத்தின் வான் (மேலதிகத் தண்ணீர் வழிந்தோடும் இடம்) பாயும்போது அதன் கீழே மீன் கூடும். அங்கே மீன் தண்ணீரோடு கீழே ஓடினால் நின்ற இடத்தில் நின்று இழுப்பது வீண், மீனின் பாரத்தோடு வெள்ளத்தின் பாரத்தையும் இழுக்கிறீர்கள். கரையோரமாக நடந்து மீனுக்கு நேரே, இயன்றால் அதற்கும் கீழே போய் இழுங்கள். வான் படியில் பாசி வழுக்கும், அதில் இறங்க வேண்டாம்.

கரையேற்றுதல்

மீன் பக்கவாட்டில் சாயும் வரை அத்தாங்கைக் காட்டாதீர்கள். வலையைக் கண்டதும் கடைசி ஓட்டம் ஓடும், அந்த நேரத்தில் நூல் குறுகி இருப்பதால் அதிர்ச்சியை வாங்க ஒன்றுமில்லை. கடைசி மூன்று மீற்றருக்கு டிராக்கைச் சற்றுத் தளர்த்திவிடுவது நல்லது. அத்தாங்கை முதலே தண்ணீருக்குள் அமிழ்த்தி அசையாமல் பிடியுங்கள். மீனைத் தலைப்பக்கமாக அதற்குள் கொண்டுவாருங்கள். வாலிலிருந்து அள்ளினால் மீன் முன்னே பாயும்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் அலை உங்களுக்கு உதவி. அலை ஏறி வரும்போது மீனை அதோடு சேர்த்து இழுத்துப் பின்னால் நடவுங்கள். அலை திரும்பும்போது இழுக்காமல், தேவையானால் நூல் கொடுத்து நில்லுங்கள். திரும்பும் தண்ணீருக்கு எதிராக இழுத்தால்தான் நூல் அறும். மீன் ஈர மணலில் தங்கியதும் ஓடிப்போய் லீடரைப் பிடியுங்கள். வட்டுவாகல் போலப் பாலத்தின் மேல் நின்று பிடித்தால் தடியால் தூக்க நினைக்காதீர்கள், மீனை விடாமல் கரைவரை நடந்துபோய் அங்கே கரையேற்றுங்கள்.

குளத்திலும் களப்பிலும் முதலை உண்டு. துடிக்கும் மீன் அதற்கு அழைப்பு. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மீனை எடுக்காதீர்கள், இருட்டில் தண்ணீர் ஓரத்தில் குந்தியிருந்து மீன் கழுவாதீர்கள்.

கொடுவாவைக் கீழ்த்தாடையில் பிடிக்கலாம், செவுள் பக்கம் விரல் போகக் கூடாது. கெளிற்றின் முதுகிலும் இரு பக்கச் செட்டையிலும் விஷ முள் உண்டு. கொளுக்கியைக் கையால் கழற்றாமல் குறட்டால் கழற்றுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை முழுதாக இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்துக் கழுவுங்கள். இறுக்குவது வாசருக்குள் தண்ணீர் போகாமலிருக்க. காய்ந்தபின் திருகை முற்றாகத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் வாசர்கள் அமுங்கி ஒட்டும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் கேட்ட இரண்டு விசயங்கள்.

டிராக்கை முழுதாக இறுக்கியும் நூல் ஓடுகிறது என்றால் றீலைக் குறை சொல்ல முன் ஸ்பூலைப் பாருங்கள். ஸ்பூலைக் கையால் இறுகப் பிடித்து நூலை இழுங்கள். ஸ்பூல் நிற்க, நூல் மொத்தமாகச் சுழன்றால், பிரெய்ட் வழுக்குகிறது. பிரெய்ட்டை நேரே உலோகத்தில் கட்டினால் இப்படித்தான். எல்லாவற்றையும் கழற்றி, அடியில் முதலில் பத்துப் பன்னிரண்டு சுற்றுத் தங்கூசி சுற்றி, அதில் பிரெய்ட்டை முடிச்சிட்டுச் சுற்றுங்கள்.

மற்றது, பெரிய மீன் இழுத்தபின் நூல் கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்து, அடுத்த எறியில் லூர் அறுந்து பறப்பது. தளர்வாகச் சுற்றிய பிரெய்ட்டில்தான் இது வரும். புது நூல் ஏற்றும்போது ஈரத் துணியால் இறுக்கிப் பிடித்து, ஸ்பூல் விளிம்புக்கு 2 மில்லிமீற்றர் கீழே வரை நிரப்புங்கள். ஏற்கெனவே புதைந்திருந்தால் புதைந்த இடம் வரை கையால் இழுத்து வெளியே எடுத்து, மறுபடி இறுக்கிச் சுற்றிய பிறகே அடுத்த எறி.