அலுமினிய வார்ப்பில் ஊசித்துளையா? முதலில் ஈரத்தைப் பாருங்கள்

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் அலுமினியம் வார்க்கிறவர்களுக்கு: ஐப்பசி மழையில் வார்ப்பு வலுவிழந்தால் முதலில் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். உறையும்போது அதுவே ஊசித்துளைகளாகத் தங்கிவிடும்; விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். இங்காட் (உருக்கப் போடும் அலுமினியக் கட்டி), கரண்டி, கிளறும் கம்பி எல்லாவற்றையும் சூடேற்றி உலர்த்திய பிறகே உள்ளே இறக்குங்கள். ஈரக் கம்பி பட்டால் உருகிய உலோகம் தெறிக்கும், உயிருக்கே ஆபத்து. சூடு 750 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். சூடு ஏற ஏற உறிஞ்சும் ஹைட்ரஜனும் கூடும். ஊற்றுமுன் உலர்ந்த ஆர்கான் வாயுவோ நைட்ரஜன் வாயுவோ உலோகத்துக்குள் செலுத்தி ஹைட்ரஜனை வெளியேற்றிவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் வார்ப்பது எல்எம்25 என்ற அலுமினியக் கலவை என்றால், வலுவேற வெப்பப் பதமும் (சூடேற்றிக் குளிர்வித்து உறுதியாக்குவது) கொடுங்கள்: சுமார் 535 டிகிரியில் 4 முதல் 12 மணி நேரம், உடனே வெந்நீரில் முக்கல், பிறகு 155–175 டிகிரியில் 8 முதல் 12 மணி நேரம். எல்எம்6 என்ற கலவைக்கு இது பலன் தராது.