இணையத்தில் வாங்கும் மரக்கறி, மீன், தயிர்: வாசலிலேயே பழுதைக் கண்டறிவது எப்படி?

சந்தையில் வெண்டிக்காய் வாங்கும்போது நுனியை முறித்துப் பார்க்காமல் பைக்குள் போடுகிறவர் திருகோணமலையில் அரிது. இணையத்தில் ஓடர் செய்தால் அந்த வேலையைக் கடையிலுள்ள யாரோ ஒருவர், கையில் பத்து வீட்டுப் பட்டியல்களை வைத்துக்கொண்டு, அவசர அவசரமாகச் செய்கிறார். அவர் கவலையீனமானவர் என்று சொல்லவில்லை. ஆனால் இன்று இரவு சமைப்பதற்கா, மூன்று நாள் வைத்திருப்பதற்கா நீங்கள் தக்காளி கேட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே கடையில் நாம் செய்துவந்த சோதனையை வீட்டு வாசலில் செய்யப் பழகிக்கொள்ள வேண்டும். முதன்முறையாக ஓடர் செய்யப் போகிறவர்களுக்காக, அந்தப் பழக்கத்தைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்

அரிசி, பருப்பு, சீனி, பால்மா, பெட்டியில் அடைத்த நீண்ட நாள் பால், ரின்மீன் போன்றவற்றை எந்த நேரத்திலும் ஓடர் செய்யலாம். திகதியையும் பொதியின் நிலையையும் பார்த்தால் போதும். மீன், இறைச்சி, தயிர், பட்டர், கீரை ஆகியவற்றைத் தனிப் பட்டியலாக எழுதுங்கள், ஏனெனில் இவை வழியில் கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை கொடுப்பவை. இரண்டையும் ஒரே ஓடரில் சேர்த்தால், அரிசி மூட்டை ஏற்றுவதற்காகக் கோழி வண்டியில் காத்திருக்க நேரிடும்.

படி 2: வெயில் ஏறுவதற்கு முன் வரவழையுங்கள்

நோய்க்கிருமிகள் விரைந்து பெருகுவது 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில்தான். குளிரில் இருக்க வேண்டிய உணவு சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் அந்த அவகாசம் 1 மணி நேரமாகக் குறைந்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நமது ஊரில் முற்பகலிலேயே அந்த அளவைத் தாண்டிவிடுவதால், குளிர்ப் பொருட்களைக் காலை முதல் வேளைக்கோ, மாலை வெயில் தாழ்ந்த பிறகோ கேட்பதே சரி.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு ஆனி மாதத்தில், பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் வருவதாகச் சொன்ன உறைந்த கோழியையும் சட்டித் தயிரையும் ஓடர் செய்துவிட்டு, அவசர வேலையாக வங்கிக்குப் போய்விட்டேன். கொண்டுவந்தவர் உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டுப் படலையில் பையைத் தொங்கவிட்டுப் போயிருந்தார். ஒன்றரை மணிக்குத் திரும்பியபோது கோழி கையில் துவண்டது. அதிலிருந்து வடிந்த இளஞ்சிவப்பு நீர் அதே பையிலிருந்த பாணின் உறைக்குள் தேங்கி நின்றது. கோழியும் பாணும் குப்பைக்குப் போயின. தவறு பாதி கடையுடையது, பாதி என்னுடையது. வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்குக் குளிர்ப் பொருட்களை ஓடர் செய்யாதீர்கள்.

போயா விடுமுறையில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும் என்பதால், மறுநாள் காலையிலேயே இறைச்சி கேட்பதையும் தவிர்க்கலாம்.

படி 3: குறிப்புப் பெட்டியில் எழுதுங்கள்

செயலியிலோ வாட்ஸ்அப்பிலோ ஓடருடன் ஒரு குறிப்பு எழுத இடமிருக்கும். பலர் அதை வெறுமையாக விடுகிறார்கள். "தக்காளி இரண்டு நாள் வைத்துச் சமைப்பதற்கு, அரைப்பழமாகத் தரவும், இறைச்சியைத் தனிப் பையில் கட்டவும், கேட்ட பொருள் இல்லாவிட்டால் மாற்றுப் பொருள் போடாமல் தொலைபேசியில் கேட்கவும்" என்று மூன்று வரி எழுதினால் கடைக்காரரும் யோசித்து எடுப்பார்.

படி 4: வாசலில் பாருங்கள்

பொருள் வந்ததும் பற்றுச்சீட்டைச் சரிபார்ப்பதற்கு முன் குளிர்ப் பொருட்களைத் தொட்டுப் பாருங்கள். உறைந்த இறைச்சி கல்லைப் போல இருக்க வேண்டும். துண்டு துண்டாக இருக்க வேண்டிய பொருள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தாலோ, பொதியின் உட்புறத்தில் பெரிய பனிப்படிகங்கள் படர்ந்திருந்தாலோ அது ஒரு முறை இளகி மீண்டும் உறைந்தது என்று கருதலாம். அதைத் திருப்பிக் கொடுங்கள். வண்டியில் வந்த தம்பியிடம் மரியாதையாகச் சொன்னால் அவர் கடைக்கு அழைத்துப் பேசுவார்.

மீனைப் பொறுத்தவரை, முழு மீனாகக் கேட்பதே தொடக்கக்காரருக்கு நல்லது. கண் தெளிவாகப் பிதுங்கி நிற்க வேண்டும், பூ (செவுள்) சிவந்திருக்க வேண்டும், பெருவிரலால் அழுத்திய இடம் உடனே மேலெழ வேண்டும், கடல் மணம் வர வேண்டும். துண்டாக வெட்டி அனுப்பினால் கண்ணும் பூவும் இல்லாமல் போகும். அப்போது சதையின் பளபளப்பையும், சதை அடுக்குகள் பிரிந்து இடைவெளி விட்டிருக்கின்றனவா என்பதையும், சூரை, கெலவல்லா போன்றவற்றில் கரும்சிவப்பாக இருக்க வேண்டிய பகுதி மண்ணிறமாக மாறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வகை மீன்களில் கூடுதல் கவனம் தேவை. அவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் பக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். அது உருவான பிறகு எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிப்பதற்குப் பல வேளைகளில் இதுவே காரணமாக இருக்க, நாம் "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் நமது கடல் கொந்தளிப்பதால் சிறு வள்ளங்கள் அதிகம் தொழிலுக்குப் போவதில்லை. அப்போது விற்பனைக்கு வரும் மீனில் மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்ததும் இருக்கும். கடற்கரை ஊரில் வாங்குவதால் மீன் இன்று பிடித்ததாகவே இருக்கும் என்று மார்கழியில் எண்ணிவிடாதீர்கள்.

மலைநாட்டு மரக்கறியும் அப்படித்தான். நுவரெலியாப் பக்கத்துக் கரட்டும் லீக்ஸும் பெரும்பாலும் தம்புள்ளைச் சந்தையைத் தொட்டு இங்கு வருவதால், "இன்று வந்தது" என்ற சொல்லுக்குக் கடைக்கு இன்று வந்தது என்றுதான் பொருள். கரட்டை இலேசாக வளையுங்கள்: முறியாமல் வளைந்தால் நீர் வற்றிவிட்டது. போஞ்சி சத்தத்துடன் முறிய வேண்டும். கோவாவின் அடித்தண்டு வெட்டப்பட்ட இடம் கறுத்திருந்தால் வெட்டிப் பல நாளாகியிருக்கும். வல்லாரை, பொன்னாங்காணிக் கட்டுகளை வெளியே பார்த்து ஏமாறாமல் கட்டை அவிழ்த்து நடுவே முகர்ந்து பாருங்கள், ஏனெனில் அழுகல் அங்கேதான் தொடங்கும்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிரின் மேல் சிறிது நீர் தெளிந்து நிற்பது கெட்டதன் அடையாளமாகாது. சட்டி குலுங்கினால் அப்படித்தான் பிரியும். பச்சை அல்லது இளஞ்சிவப்புப் புள்ளிகள், நுரைத்த குமிழிகள், கள்ளைப் போன்ற மணம் ஆகியவையே எச்சரிக்கை. திகதி ஒட்டப்படாத சட்டியானால், எந்த நாள் உறை ஊற்றியது என்று கேட்டு வாங்குங்கள்.

முட்டையை மட்டும் உள்ளே கொண்டுபோய்ப் பார்க்கலாம். ஒரு கோப்பைத் தண்ணீரில் இட்டால், புதிய முட்டை அடியில் கிடையாகப் படுக்கும். பழகியது மொட்டைப் பக்கம் மேலாக நிமிர்ந்து நிற்கும். மிகப் பழையது மிதக்கும். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேற, உள்ளே காற்றறை பெருப்பதுதான் காரணம். இந்தச் சோதனை முட்டையின் வயதை மட்டுமே சொல்லும் என்பதால், நிமிர்ந்து நிற்பதை உடைத்து, முகர்ந்த பிறகே பயன்படுத்துங்கள்.

பொதிகளில் திகதி படிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. இலங்கைப் பொருட்களில் நாள் முதலிலும் மாதம் அடுத்தும் வரும். அமெரிக்காவிலிருந்து வரும் சில பொருட்களில் மாதம் முதலில் வரும். 03/04 என்பது சித்திரை 3-ஆ, பங்குனி 4-ஆ என்ற ஐயம் வந்தால், அதே பொதியில் உற்பத்தித் திகதியைத் தேடிப் பாருங்கள். இரண்டில் ஒன்றிலாவது 12-க்கு மேற்பட்ட எண் இருந்தால் வரிசை புரிந்துவிடும்.

படி 5: படம் எடுங்கள், உடனே சொல்லுங்கள்

பழுதைக் கண்டால் பொதியைப் பிரிக்காமல், திகதியும் பற்றுச்சீட்டும் ஒரே படத்தில் தெரியும்படி கைத்தொலைபேசியில் எடுத்து அந்த மணி நேரத்துக்குள்ளேயே கடைக்கு அனுப்புங்கள். மறுநாள் சொன்னால், உங்கள் குளிர்சாதனப் பெட்டியின்மேல் பழி போடுவார்கள். காலாவதியான பொருளை விற்றுவிட்டுப் பதில் சொல்லாத கடையைப் பற்றி, 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். உண்ணத் தகாத உணவென்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லலாம்.

படி 6: எடுத்து வைக்கும் வரிசை

முதலில் உறைந்தவை, பிறகு மீனும் தயிரும், கடைசியில் மரக்கறி. குளிர்சாதனப் பெட்டி 5 பாகைக்குக் கீழும், உறைபகுதி கழித்தல் 18 பாகையிலும் இருக்க வேண்டும். சொப்பிங் பையோடு மரக்கறியை உள்ளே தள்ளாதீர்கள். பைக்குள் வியர்த்து ஒரே இரவில் வழுவழுக்கும். கீரையைக் கழுவாமல் காகிதத்தில் சுற்றி வைத்துச் சமைக்கும்போது கழுவுங்கள். பழுக்காத தக்காளிக்கும் வாழைப்பழத்துக்கும் குளிர் ஆகாது, வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் வேண்டாம்.

சமையலறைக் கதவின் பின்புறம் ஒரு தாளை ஒட்டி, எந்தக் கடையில் எது நன்றாக வந்தது, எது பழுதாக வந்தது என்று திகதியுடன் குறித்துவையுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் முட்டைக்கு ஒரு கடை, மரக்கறிக்கு வேறொரு கடை என்று பிரிந்துவிட்டது. மீனுக்கு எதிரே மட்டும் இன்னமும் "சந்தை, காலை ஆறரை" என்றுதான் எழுதியிருக்கிறது.