கூட்டுக்குழுவில் வேலை நகரத் தொடங்கிய விதம்: என் அனுபவம்

உள்ளாட்சி அமைப்பு, குடிநீர்த் துறை, குடியிருப்போர் சங்கம் ஆகியவை சேர்ந்த வடிகால் பராமரிப்புக் குழுவை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கூட்டங்கள் தவறாமல் நடந்தன. தூர்வாரிய சேறு மட்டும் கரையிலேயே கிடந்து, அடுத்த மழையில் மீண்டும் கால்வாய்க்குள் இறங்கியது. ஒத்துழைப்புப் போதவில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். கோப்புகளைப் பார்த்தபோது, தூர்வாரப் பணி ஆணை இருந்தும், சேற்றை அகற்றுவது எவருடைய ஆணையிலும் இல்லை என்பது தெரிந்தது.

எனவே, அடைப்பைக் கண்டறிவது முதல் சேற்றை ஏற்றிச் செல்வது வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் பொறுப்பான பதவி, அவர் விடுப்பில் இருந்தால் மாற்று அலுவலர், செலவுக் கணக்குத் தலைப்பு, முடிக்க வேண்டிய நாள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, அனைவரிடமும் கையொப்பம் பெற்றேன். ஆளின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்தேன்; இடமாறுதலில் ஆள் போய்விடுவார்.

ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்குமுன் சங்கப் பிரதிநிதி நேரில் பார்த்து ஒப்பமிட வேண்டும் என்ற விதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம். 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், பொது வளங்களைப் பயன்படுத்துவோரும் கண்காணிப்பில் பங்கேற்பதன் அவசியத்தை ஆய்ந்து காட்டியதை எடுத்துச் சொன்னேன். (தணிக்கைக்கு உதவும் என்ற வாதமே கடைசியில் எடுபட்டது என்பது வேறு விஷயம்.) இப்போது சேறு அள்ளியதுமே வண்டி வந்துவிடுகிறது, தெருவை வெட்டிக் குழாய் பதிக்கும் பணிகளுக்கு மட்டும் இந்த முறை இன்னும் விரிவாக்கப்படவில்லை.