பாராமகால் ஊர்களின் பழைய சாவுக் கணக்கு: 19-ஆம் நூற்றாண்டு இறப்பு விகிதத்தைக் கணக்கிடும் முறை

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ 1870-க்கும் 1900-க்கும் இடையில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு எத்தனை பேர் செத்தார்கள், எதனால் செத்தார்கள் என்று பார்க்க நினைப்பவர்கள் முதலில் சாவு எண்ணிக்கையைத் தேடி ஓடுவார்கள். அது அப்புறம். கணக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் வகுக்கும் எண்ணால், அதாவது மக்கள்தொகையால்.

அதற்கும் முன்னால் எல்லையைச் சரிபாருங்கள். 1792-இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனிக்குக் கைமாறிய பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் பழைய பெயர்), 1799-இல் வந்த ஓசூர்ப் பகுதியும் சேலம் ஜில்லாவில் இருந்தவை. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல், கிருஷ்ணகிரி 2004-இல். எனவே பழைய அறிக்கைகளில் தேட வேண்டிய பெயர் சேலம். அதற்காகச் சேலம் ஜில்லாவின் மொத்த விகிதத்தை எடுத்து நம் ஊர்மேல் ஒட்டக்கூடாது. நாமக்கல், ஆத்தூர், திருப்பத்தூர் எல்லாம் அதில் கலந்திருக்கும். தாலுகா எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அதிலும் இன்றைய அரூர்ப் பக்கம் அன்று ஊத்தங்கரைத் தாலுகாவில் இருந்தது என்பதை மறக்காதீர்கள்.

இனி மக்கள்தொகை. சென்னை மாகாணத்தில் முதல் முழுக் கணக்கெடுப்பு 1871 நவம்பரில் நடந்தது, அடுத்தது 1881 பிப்ரவரி 17-இல். இடைவெளி பத்தாண்டு அல்ல, ஒன்பதேகால் ஆண்டு. இந்த இடைவெளிக்குள்தான் 1876–78 தாது வருஷப் பஞ்சம் வருகிறது. சேலம் ஜில்லா 19,66,995-இலிருந்து 15,99,595-க்கு இறங்கியது. நூற்றுக்குப் பதினெட்டரைக்கு மேல் குறைவு. செத்தவர்களோடு ஊரை விட்டுப் போனவர்களும் இந்தக் குறைவில் அடக்கம்.

ஆகவே இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவே நேர்க்கோடு போட்டு ஆண்டுவாரி மக்கள்தொகையைக் குறிப்பது தப்பு. கற்பனையாக ஓர் ஊர்: 1871-இல் 8,000 பேர், 1881-இல் 6,500 பேர். நேர்க்கோட்டுக் கணக்கில் 1876-இல் சுமார் 7,200 பேர் வருவார்கள். பஞ்சத்துக்கு முன் ஆண்டுக்கு ஒரு சதவீதம் பெருகியிருந்தாலே அந்த ஊரில் 8,400 பேர் இருந்திருப்பார்கள். 1876 நடுவரை ஏற்றம், 1877–78-இல் செங்குத்தான இறக்கம், பிறகு 1881 வரை மெல்லிய ஏற்றம் என்று மூன்று துண்டாகப் போடுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. புதிய கணக்கெடுப்பின் எண்கள் வரும்வரை பழைய கணக்கெடுப்பையே வைத்து விகிதம் போடுவது அக்கால அறிக்கைகளின் வழக்கம். நம் கற்பனை ஊரில் 1880-இல் 130 சாவு என்றால், 8,000-ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 16.25, உண்மையில் இருந்த 6,500-ஆல் வகுத்தால் 20. பஞ்சம் முடிந்ததும் ஊர் திடீரென ஆரோக்கியமானதுபோல் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அச்சிட்ட விகிதத்தை அப்படியே எடுக்காமல், சாவு எண்ணிக்கையை மட்டும் எடுத்து நீங்களே வகுங்கள்.

சாவு எண்ணிக்கைக்கு மாகாணச் சுகாதார ஆணையரின் ஆண்டறிக்கைகள் முதன்மை ஆதாரம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். ஓசூர்ப் பக்கத்துக் கையெழுத்துப் பதிவு கிடைத்தால் தெலுங்கோ கன்னடமோ படிக்கத் தெரிந்தவர் கூட இருப்பது நல்லது. பசலி ஆண்டில் (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு) எழுதியிருந்தால் 590-ஐக் கூட்டுங்கள்: பசலி 1286 என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. இதைக் காலண்டர் ஆண்டாக எடுத்தால் பஞ்சத்தின் உச்சம் தப்பான வருஷத்தில் போய் விழும்.

அறிக்கை அட்டவணைகளில் நோய்ப் பத்திகள் (நோய்வாரி நிரல்கள்) குறைவு: காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு–சீதபேதி, காயங்கள், மற்றவை. நூற்றாண்டின் கடைசியில் பிளேக் சேர்ந்தது. அது 1896-இல் பம்பாய்க்கும் 1898-இல் பெங்களூருக்கும் வந்ததால், ஓசூர்த் தாலுகாவுக்கு அந்தப் பத்தியைத் தனியாகப் பாருங்கள். கிராமத்தில் சாவைப் பதிந்தவர் மணியக்காரர், மருத்துவர் அல்ல. வாந்திபேதி கண்ணுக்குத் தெரியும், ஒரே வாரத்தில் தெருவையே காலி செய்யும். அதனால் காலராப் பத்தியை ஓரளவு நம்பலாம். காய்ச்சல் பத்தி ஒரு குப்பைக்கூடை. முறைக்காய்ச்சல், சன்னி, நிமோனியா, பிரசவத்துக்குப் பின் வந்த சுரம் எல்லாம் அதில் விழும். அதை மலேரியா என்று மொழிபெயர்த்து எழுதாதீர்கள். தட்டம்மைக்கெனத் தனிப் பத்தி இல்லாததால் அது பெரியம்மையிலோ காய்ச்சலிலோ ஒளிந்திருக்கும்.

பட்டினிக்கும் பத்தி கிடையாது. 1877-இல் காய்ச்சலும் பேதியும் வழக்கத்தைவிட எவ்வளவு கூடின என்று பார்ப்பதுதான் வழி: 1872–75 சராசரியைக் கழித்து, மிச்சத்தைக் 'கூடுதல் சாவு' என்று மட்டும் குறியுங்கள். அதுவும் குறைந்தபட்ச எண்தான், ஏனென்றால் பஞ்சத்தில் பதிகிறவரே ஊரில் இல்லாமல் போயிருக்கலாம். ஒரு கிராமத்தில் தொடர்ந்து மூன்று மாதம் சாவே இல்லை என்றால், அங்கே பதிவு நின்றிருக்கிறது. பூஜ்யம் என்று எடுக்காமல் அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். வகுக்கும் மக்கள்தொகையையும் அந்த அளவுக்குக் குறையுங்கள்.

குழந்தைச் சாவு விகிதத்தை, ஒரு வயதுக்குள் இறந்தவர்களைப் பிறப்பு எண்ணிக்கையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கிப் பெறுகிறோம். பிறந்த சில நாளில் இறந்த குழந்தை பல நேரம் இரண்டு பதிவிலும் இருக்காது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தால் பிறப்பு ஒரு ஊரிலும் சாவு வேறு ஊரிலும் விழும். தனி ஊருக்கு இந்த விகிதம் போடுவதில் பயனில்லை. தாலுகா அளவில் போடுங்கள்.

சின்ன ஊரில் ஒரே வருஷத்து எண்ணை நம்பாதீர்கள். எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு அது தற்செயலாகவே ஆடும்: 16 காலராச் சாவு என்றால் நாலு கூடலாம், நாலு குறையலாம். ஐந்தாண்டுச் சராசரி போடுங்கள். கொள்ளைநோய் வருஷத்தை மட்டும் தனியாக நிறுத்துங்கள்.

சென்னையோடோ பெங்களூர் தண்டோடோ (ராணுவக் குடியிருப்பு) ஒப்பிடும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். நகர ஆஸ்பத்திரியில் சாகிற வெளியூர்க்காரரும் நகரத்துக் கணக்கில்தான் ஏறுவார். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் சாவு விகிதம் ஆயிரத்துக்கு 69 என்று 1863-இல் ராயல் கமிஷன் சொன்னது. அதில் குழந்தையும் இல்லை, கிழவரும் இல்லை; நோயாளி என்று கப்பலேற்றி அனுப்பப்பட்டு இங்கிலாந்தில் இறந்தவரும் இல்லை. அதை ஊர் விகிதத்தின் பக்கத்தில் வைக்க வேண்டுமென்றால், ஊரிலும் 20 முதல் 40 வயது வரையுள்ள ஆண்களை மட்டும் பிரித்தெடுத்து வையுங்கள். வயதுவாரிச் சாவு கிடைக்காவிட்டால் அந்த ஒப்பீட்டையே விட்டுவிடலாம்.