சிம் ரேசிங் இருக்கை: பிரேக்கை மிதித்தாலும் அசையாத ஒன்றை வீட்டிலேயே அமைப்பது எப்படி?

கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டும் சிம் ரேசிங்குக்காக ஸ்டீயரிங்கை மேசை விளிம்பில் முறுக்கி வைத்து, பெடலைத் தரையில் போட்டு, அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டத் தொடங்குபவர்களுக்கு முதல் நாளே தெரிந்துவிடும் உண்மை ஒன்று உண்டு: பிரேக்கை அழுத்தினால் கார் நிற்பதற்கு முன்பே நாற்காலி பின்னால் போய்விடுகிறது. உருளைகளைக் கயிற்றால் கட்டுவது, பழைய ரப்பர் செருப்பை வெட்டி அடியில் செருகுவது ஆகிய வைத்தியங்கள் எல்லாம் சில நாட்களுக்குத்தான் தாங்கும். அந்த நிலையைத் தாண்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணினியும் ஸ்டீயரிங் அமைப்புகளும் உங்களிடம் சரியாக இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு, இருக்கையைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன்.

படி 1: முதலில் உங்கள் பெடலைப் பாருங்கள்

எந்த இருக்கை வேண்டும் என்பதைப் பிரேக் பெடலே தீர்மானிக்கிறது. லாஜிடெக் ஜி29 போன்ற தொடக்கநிலைத் தொகுப்புகளில், பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை ஒரு பொட்டென்ஷியோமீட்டர் அளக்கிறது. லோட் செல் வைத்த பெடல்களோ நீங்கள் எவ்வளவு விசையோடு மிதிக்கிறீர்கள் என்பதை அளக்கின்றன. த்ரஸ்ட்மாஸ்டர் டி-எல்சிஎம் பெடலில் அந்த விசையை 100 கிலோ வரை ஏற்றிக்கொள்ளலாம். அவ்வளவு வேண்டாம், 40 கிலோ போதும் என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் அந்த 40 கிலோ உங்கள் இடுப்பு வழியாக இருக்கையின் சாய்மானத்தில் போய் இறங்குகிறது. சாய்மானம் அரை அங்குலம் நெளிந்து கொடுத்தால், காலின் அழுத்தம் சீராக ஏறாது. நேற்று சரியாக நின்ற அதே வளைவில் இன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

ஸ்டீயரிங்கின் விசை இருக்கையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஜி29 தருவது 2 நியூட்டன் மீட்டர் சொச்சம், அதைவிட வலுவான மோசா ஆர்5 ஸ்டீயரிங் தருவது 5.5 நியூட்டன் மீட்டர். இரண்டையும் தாங்கவேண்டியது முன்னால் ஸ்டீயரிங்கை மாட்டும் தூண்தான்.

ஆகவே ஜி29 அளவிலேயே நிற்கப்போகிறவர்கள் பிளேசீட் சேலஞ்ச், நெக்ஸ்ட் லெவல் ரேசிங் ஜிடிலைட் போன்ற மடக்கும் இருக்கைகளைத் தயங்காமல் வாங்கலாம். பாளையங்கோட்டையில் இரண்டு அறை உள்ள வாடகை வீட்டில், ஓட்டி முடித்ததும் மடக்கிக் கட்டிலுக்குப் பின்னால் சாய்த்துவைக்கவேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. லோட் செல் பெடல் வாங்கியவர்கள், அல்லது அடுத்த தீபாவளி போனஸில் வாங்கப்போகிறவர்கள், ஃபைபர் பக்கெட் இருக்கையையோ (பந்தயக் கார்களில் உள்ளது போல் உடலை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் ஒரே வார்ப்பு இருக்கை) பழைய கார் சீட்டையோ தேடவேண்டும். கேமிங் சேர் என்று விற்கப்படுவதை இந்த வேலைக்கு வாங்கவே வாங்காதீர்கள். உருளையும் உண்டு, கைப்பிடி முழங்கையில் இடிக்கும், சாய்மானமும் பின்னால் ஆடும்.

என்னுடைய தேர்வு பழைய கார் சீட்டு. பக்கெட் இருக்கை அதைவிட விறைப்பானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது இடுப்பு அளவுக்குச் சரியாகப் பொருந்தவேண்டும், நமக்கோ உட்கார்ந்து பார்க்காமல் இணையத்தில்தான் வாங்கமுடிகிறது. பக்கெட்தான் வேண்டும் என்றால், சுவரில் முதுகை ஒட்டி ஒரு மரப்பெட்டியின் மீது உட்கார்ந்து, இடுப்பின் இருபுறமும் கெட்டி அட்டைப் புத்தகம் ஒவ்வொன்றைச் செங்குத்தாக ஒட்டி நிறுத்தி, எழுந்த பிறகு இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து, விற்பவர் கொடுத்திருக்கும் உள் அகலத்தோடு ஒப்பிடுங்கள். பேண்ட் அளவை வைத்து முடிவெடுக்கவேண்டாம். அது இடுப்பைச் சுற்றிய அளவு, அகலம் வேறு.

படி 2: ஆக்கர் கடையில் பார்க்கவேண்டியவை

பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைக்குப் போனால் எல்லோரும் ஓட்டுநர் சீட்டைத்தான் கேட்பார்கள். நீங்கள் இடப்பக்க முன் சீட்டைக் கேளுங்கள். நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கமாக ஏறி இறங்குவதால், அந்தச் சீட்டின் வலது விளிம்பில் ஸ்பாஞ்ச் நசுங்கி, உள்ளே இருக்கும் கம்பி தொடையில் தட்டும். இடப்பக்கச் சீட்டு பெரும்பாலும் அவ்வளவு உழைத்திருக்காது.

அடுத்து, சாய்மானத்தின் உச்சியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கீல் பகுதியில் ‘டக் டக்’ என்று சிறிது தளர்வு இருந்தாலும் வேண்டாம்; பிரேக் மிதிக்கும்போது அந்தச் சத்தம் தான் உங்களுக்குக் கேட்கும். சாய்மானத்தைப் பூட்டும் பல்சக்கரம் சில பழைய சீட்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அவற்றில் பலமாக மிதித்தால் மறுபக்கம் முறுக்கிக்கொண்டு பின்னால் போகும். இரு பக்கமும் பூட்டு உள்ள சீட்டையே எடுங்கள். அம்பாசிடர் மீது ஆசைப்படவேண்டாம். பெரும்பாலான அம்பாசிடர்களில் முன்னிருக்கையே ஒரு நீள பெஞ்சுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். சாய்மானத்தின் பக்கவாட்டில் ‘ஏர்பேக்’ என்று எழுதிய சிறு பட்டை தைத்திருந்தாலோ, சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற மின் இணைப்பி தொங்கினாலோ, அந்தச் சீட்டை வாங்காதீர்கள். உள்ளே இருப்பது வெடிமருந்தால் விரியும் பை. அதன் கம்பியில் மீட்டர் வைத்துச் சோதிப்பது, பக்கத்தில் வெல்டிங் செய்வது எல்லாம் விபரீதம்.

சீட்டோடு அதன் அடி ரெயிலையும், இரண்டு ரெயிலையும் ஒன்றாக விடுவிக்கும் கைப்பிடிக் கம்பியையும் கேட்டு வாங்குங்கள். ரெயில் இல்லாமல் சீட்டு மட்டும் மலிவாகக் கிடைத்தால் அது மலிவே அன்று.

படி 3: ரெயிலைச் சட்டத்தில் உட்காரவைப்பது

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நானும் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

காரின் தளம் சமமாக இருப்பதில்லை. முன்னால் ஒரு மேடு, நடுவில் ஒரு முதுகு, பின்னால் ஒரு சரிவு என்று இருக்கும். அதற்கேற்பச் சீட்டு ரெயிலின் நான்கு கால்களும் வெவ்வேறு உயரத்தில், சில சமயம் வெவ்வேறு சாய்விலும் வளைக்கப்பட்டிருக்கும். இந்தச் சீட்டை, சீட்டு, பெடல், ஸ்டீயரிங் மூன்றையும் தாங்க நாம் செய்யும் தட்டையான இரும்புச் சட்டத்தின் மேல் வைத்தால் இரண்டு கால்கள் மட்டும் தொட்டு நிற்கும். போல்ட்டை இறுக்கி மற்ற இரண்டையும் கீழே இழுத்தால் ரெயில் வளைந்துவிடும். அதன் பிறகு சீட்டு முன்னும் பின்னும் நகராது, அல்லது ஒரு பக்கம் பூட்டிக்கொண்டு மறுபக்கம் பூட்டாமல் நிற்கும்.

சட்டத்துக்கு 40க்கு 40 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஸ்கொயர் பைப், 14 கேஜ், அதாவது 2 மி.மீ. தடிமன், போதும். 16 கேஜும் நிற்கும், ஆனால் ஸ்டீயரிங் தூண் லேசாக அதிரும். 14 கேஜில் 20 அடி நீளப் பைப் ஏறத்தாழ 14½ கிலோ எடை வரும். ஒன்றரை நீளத்தில் ஒரு சட்டம் முடிந்துவிடும். பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் நான் போன பட்டறையில் அண்ணாச்சி முதலில் கேட்ட கேள்வி, “தம்பி, போல்ட்டு எதுக்கு? நாலு காலையும் ஒரேயடியா பத்த வச்சிருவோமே” என்பது. பத்தவைப்பது உறுதிதான். ஆனால் சூட்டில் ரெயில் கோணிக்கொள்ளும், பிறகு அளவை மாற்றவும் முடியாது. “இல்ல அண்ணாச்சி, சட்டத்தை மட்டும் பத்த வையுங்க, சீட்டை நான் போல்ட்டுல மாட்டிக்கிடுதேன்” என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது செய்யவேண்டியது இது. சட்டத்தின் குறுக்கே, ரெயில் கால்கள் வரும் இரண்டு இடங்களிலும் தடித்த ஃப்ளாட் (இரும்புப் பட்டை) போட்டு, துளைகளை வட்டமாக இல்லாமல் நீளவாட்டில், முக்கால் அங்குலம் அளவுக்கு இழுத்து வெட்டச் சொல்லுங்கள். சீட்டை வைத்து, சட்டத்தைத் தொடாத கால்களுக்கு அடியில் இடைவெளியை அளந்து, அந்த உயரத்துக்குப் பைப் துண்டு வெட்டி முட்டுக் கொடுங்கள். வாஷரை அடுக்கடுக்காகப் போடுவதை நான் விரும்புவதில்லை. மூன்றுக்கு மேல் போனால் நாளடைவில் தளர்ந்து ஆடத் தொடங்கும். நான்கு போல்ட்டையும் கையால் திருகும் அளவுக்கு மட்டும் போட்டு, சீட்டில் உட்கார்ந்துகொண்டே கைப்பிடியைத் தூக்கி முழு நீளத்துக்கும் நாலைந்து முறை நகர்த்துங்கள். இரண்டு ரெயிலும் தாமாகவே இணையாக வந்து நிற்கும். சீட்டைக் கடைசி வரை முன்னால் தள்ளிப் பின் போல்ட்டுகளையும், கடைசி வரை பின்னால் தள்ளி முன் போல்ட்டுகளையும் இறுக்குங்கள். இறுக்கிய பிறகும் முன்போலவே வழுக்கி நகர்ந்தால் வேலை முடிந்தது.

பெடல் பலகையையும் இதே சட்டத்தில்தான் மாட்டவேண்டும். பெடல் தரையிலும் சீட்டு சட்டத்திலும் இருந்தால், செய்த வேலை அத்தனையும் வீண்.

படி 4: உட்காரும் அளவுகள்

கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டியது போன்ற பார்முலா 1 கார்களில் கால்கள் உயர்ந்து, உடல் மல்லாந்து கிடக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். கார் சீட்டில் அது வராது, கழுத்தும் வலிக்கும். சாதாரணக் காரில் உட்காருவது போலவே அமையுங்கள். பிரேக்கை முழு விசையோடு மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கவேண்டும். தோள் சாய்மானத்தை விட்டு எழாமல் கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படியவேண்டும். முதலில் பெடலுக்கு ஏற்பச் சீட்டை நகர்த்திவிட்டு, அதன் பிறகே ஸ்டீயரிங்கை உங்களை நோக்கிக் கொண்டுவாருங்கள். வரிசையை மாற்றினால் இரண்டுமே சரியாக வராது.

மேலுறை

சித்திரை, வைகாசி மாதங்களில் நம் பக்கத்து வெக்கையில் ரெக்சின் உறை அரை மணி நேரத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். துணி உறையே மேல். ஸ்பாஞ்ச் நசுங்கியிருந்தால் சீட் கவர் கடையில் 40 டென்சிட்டி ஃபோம் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அதைவிட மென்மையானது உட்காரும்போது சுகமாக இருக்கும், மிதிக்கும்போது உங்களை உள்வாங்கும்.

பிற்சேர்க்கை

தென்காசியிலிருந்து ஒரு வாசகர், சாரல் காலத்தில் சட்டம் துருப்பிடித்துவிட்டதாக எழுதியிருந்தார். பெயின்ட் அடித்தவர் வெல்டிங் இடங்களில் இருந்த கசடைச் சுத்தியலால் தட்டி எடுக்காமல் மேலேயே பூசியிருக்கிறார். கசடைத் தட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை அடித்த பிறகே பெயின்ட் அடிக்கவேண்டும். பைப்பின் திறந்த முனைகளில் பிளாஸ்டிக் மூடியும் போட்டுவிடுங்கள்.

மாடி வீட்டில் இருக்கும் இன்னொருவருக்குக் கீழ்வீட்டுக்காரரிடமிருந்து புகார். பெடல் தட்டும் சத்தம் சட்டத்தின் வழியாகத் தளத்தில் இறங்குகிறது. சட்டத்தின் நான்கு மூலைகளுக்கு அடியிலும் வாஷிங் மெஷினுக்கு வைக்கும் தடித்த ரப்பர் கால்களை வைத்தபின் புகார் குறைந்ததாகச் சொன்னார். டைல்ஸ் தரையில் சட்டம் வழுக்குவதற்கும் அதுவே மருந்து. வைத்த பிறகு நான்கு மூலையும் சமமாக ஊன்றுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்; ஒன்று தூக்கி நின்றாலும் பிரேக் மிதிக்கும்போது சட்டம் ஆடும்.